தாவீது ராசாவும் பெட்டிக்குள் கிடந்த கடுதாசியும்

நாங்கள் அடைக்கலம் கேட்டு வந்திருந்த ஒனிஹங்கா என்ற ஊரில் ஒரு தேவாலயத்தின் பின்னறையில் எங்களுக்கு ஆங்கில வகுப்பு நடந்தது. சொல்லித் தந்தவர் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. ஒருநாள் பத்திரிகைத் துண்டொன்றைக் கொண்டுவந்தார். இஸ்ரேலின் வடக்கே ஒரு பழைய சுவரில் உடைந்த கல் ஒன்று அகப்பட்டதாம். அதில் தாவீது ராசாவின் வம்சம் என்று எழுதியிருந்ததாம். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தபடியால் தாவீது எனக்குப் பழக்கமான ஆள்தான். அப்படியொருவர் இருந்ததற்கு வேதாகமத்துக்கு வெளியே அதுவரை சாட்சியே இல்லை என்பதுதான் எனக்குப் புதினம்.

"கல்லை வெட்டுவித்தது தாவீதின் ஆட்களா?" என்று கேட்டேன்.

"இல்லை, எதிரி ராசா. அந்த வம்சத்தை வென்றதாகப் பெருமையடிக்கிறான். இல்லாத வம்சத்தை வென்றேன் என்று எவனாவது சொல்வானா?"

அதற்குப் பிறகு வகுப்பு எனக்கு ஏறவில்லை. என் கணவரின் அகதி விண்ணப்பம் முதல் தடவை தள்ளுபடியாகியிருந்தது. மேல்முறையீடும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இராணுவ முகாமில் அவரை அடைத்து வைத்ததற்கு ஆதாரம் இல்லையாம். அடி வாங்கியவன் ரசீதும் வாங்கி வர வேண்டும் போல!

வேடிக்கை என்னவென்றால், எங்களிடம் அது இருந்தது. முகாமிலிருந்து விடும்போது கொடுத்த, முத்திரை குத்திய சிங்களக் கடுதாசி. 'சந்தேக நபர்' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் எந்த நாடு விசா தரும் என்று பயந்து, கொழும்பிலேயே அவர் அதை எரிக்கச் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. பயணப் பெட்டியின் உள்துணிக்குள் வைத்துத் தைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அன்று பின்னேரம் தையலைப் பிரித்து எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"உமக்கென்ன விசரே? எரிக்கச் சொன்னனானெல்லே!"

"ஓம், சொன்னனீங்கள். இப்ப இதுதான் எங்களுக்குச் சாட்சி" என்று கல்லின் கதையைச் சொன்னேன்.

"அடிச்சவன்ர கையெழுத்தைக் காட்டியே நான் ஆரெண்டு சொல்லவேணும்?"

கடுதாசியை மேசையில் எறிந்துவிட்டு வெளியே போய்விட்டார். மூன்றாம் நாள் கடுதாசியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வக்கீலிடம் போனார்.

முதல் தடவை அவருடைய முதுகுத் தழும்பை எப்படி வந்ததோ தெரியாது என்று தள்ளியவர்கள், மேல்முறையீட்டில் அந்த முத்திரையை ஏற்றுக்கொண்டார்கள். இங்கே இருக்கலாம் என்று கடிதம் வந்தது. ஆசிரியை என்னைக் கட்டிப்பிடித்தார். வீட்டுக்கு வந்து அந்தக் கடுதாசியைக் கையில் எடுத்தேன்.

"இனி எரிச்சுப்போடட்டே?" என்று என் கணவரிடம் கேட்டேன்.

"வேண்டாம், இருக்கட்டும். என்ர சொல்லை ஒருத்தரும் நம்பேல்லை. அவன்ர சொல்லைத்தானே நம்பினவை."