கம்பியைச் சுற்றி விட்ட மணல்

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். அதற்கப்புறம் கரும்பு வெட்டியிருக்கிறேன், செங்கல் சுமந்திருக்கிறேன், திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டியிருக்கிறேன். எந்த ஊரிலும் மூன்றாவது மழைக்காலம் வரை இருந்ததில்லை. பத்து வயதில் ஒரு கடல் ஆராய்ச்சிக்கு வேலை பார்த்தேன் என்று சொன்னால் கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். அரியலூர் ஜில்லாவில் ஏது கடல் என்பார்கள். நானும் அன்று அப்படித்தான் கேட்டேன்.

அப்போது நாங்கள் திருமானூருக்குப் பக்கத்தில், கொள்ளிடக் கரையில் கொட்டகை போட்டுக் குடியிருந்தோம். சொந்த ஊர் செந்துறைப் பக்கம். இரண்டு வருஷம் மழை ஏமாற்றியதும் அப்பா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு வந்துவிட்டார். ஆற்றில் மணல் குவாரி ஓடியது. லாரிக்கு மணல் ஏற்றும் எட்டுப் பேருக்கு அப்பா தலைவர். அம்மா அவர்களுக்குச் சோறாக்கினாள். நான் பள்ளிக்கூடம் போனேன், போகாத நாளில் தண்ணீர் எடுத்தேன்.

ஒரு மாசி மாதம், மூன்று இரும்புக் கம்பிகளைப் பஸ்ஸிலிருந்து இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்து இறங்கினார். கண்ணாடி போட்டிருந்தார். கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். கடற்கரை எப்படிக் கரைகிறது என்று ஆராய்வதுதான் அவர் வேலை. லோடு ஆட்கள் அன்றைக்கே அவருக்குக் 'கடல்காரம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் மட்டும் டீச்சர் என்று கூப்பிட்டேன்.

"கடக்கரை பூரா மண்ணாத்தானே கெடக்கும். அத வுட்டுட்டு இம்மாந்தூரம் வந்து எங்க மண்ண அளக்குறீங்களே?" என்று ஒருவர் கேட்டார்.

"கெடந்துச்சுண்ணே. சின்ன வயசுல எங்க வீட்டுலேருந்து கடலுக்கு நடந்தா கால் வலிக்கும். இப்ப வாசல்ல அலை அடிக்குது. கடல் மட்டமும் ஏறுது, ஆத்துலேருந்து வர்ற மணலும் வரல. ரெண்டு பக்கமும் அடி."

அப்பா பீடியைக் கீழே போட்டார். "செந்துறையில எங்க கொல்லையில கல்ல ஒடச்சா உள்ள சிப்பி இருக்கும். அந்தக் காலத்துல கடலு அங்கதான் கெடந்துச்சாம். பழைய வூட்டப் பாக்கத் திரும்பி வருது போல." எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார்.

குவாரி அப்போது மேற்கே தள்ளி இருந்தது. கிழக்கே, நாணல் முளைத்திருந்த இடமாகப் பார்த்து மூன்று கம்பிகளையும் ஆழமாக இறக்கினார். மணலுக்கு மேலே நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் மட்டும் தெரிந்தது. மணல் குறைந்தால் கம்பி நீளமாகத் தெரியும், சேர்ந்தால் புதையும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அளந்து எழுத வேண்டும். எண் எழுதத் தெரிந்த ஆள் அந்தக் கரையில் நான் ஒருத்திதான். கோடு போட்ட நோட்டு, ஒரு ஸ்கேல், இரண்டு பேனா கொடுத்தார். ஆடியில் தண்ணீர் வரும்வரை ஒரு வாரம்கூட விடாமல் எழுதினால் என்னைக் கடலுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார்.

நான் விடவில்லை. காய்ச்சலில்கூடப் போனேன். முதல் ஞாயிறு நாற்பத்திரண்டு. அடுத்த ஞாயிறும் அதுவேதான். சித்திரையில் குவாரி கிழக்கே நகர்ந்து எங்கள் கம்பிகளிடம் வந்தது. கம்பியைப் பிடுங்கி எறிந்துவிடுவார்களோ என்று பயந்து அழுதேன்.

அப்பா ஆட்களைப் பார்த்துச் சொன்னார்: "எம்பொண்ணு கம்பிடா. அளக்குற கம்பி. சுத்தி வுட்டு வெட்டுங்க."

அவர்களுக்கு அது புதிதல்ல. எல்லோரும் ஏரி வெட்டிப் பழகியவர்கள். ஏரி வெட்டும்போது குழிக்கு நடுவில் ஒரு மண் திட்டை வெட்டாமல் விடுவார்கள். எவ்வளவு ஆழம் வெட்டினோம் என்பதற்கு அந்தத் திட்டுதான் சாட்சி. மேஸ்திரி வந்து அளக்கிறவரை யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள். அதே போல் ஒவ்வொரு கம்பியைச் சுற்றியும் ஒரு கட்டில் அகலத்துக்கு மணலை விட்டு வெட்டினார்கள். நாணல் வேர் பிடித்திருந்ததால் திட்டுகள் சரியவில்லை. சுற்றிலும் ஆற்றின் தரை கீழே போய்க்கொண்டிருந்தது. நான் திட்டின் மேல் ஏறி அளந்தேன். நாற்பத்திரண்டு.

வைகாசிக் கடைசியில் டீச்சர் வந்தார். பள்ளத்துக்கு நடுவே புற்றுகளைப் போல நின்ற மூன்று திட்டுகளையும், தலையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பியையும் பார்த்துவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்துகொண்டார். சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார்.

"யாரும்மா இப்படி விட்டு வெட்டுனது?"

"எங்கப்பாதான்" என்றேன் பெருமையாக.

பையிலிருந்து டேப்பை எடுத்தார். திட்டு அப்பாவை விட உயரம். அப்பா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார். நான் மேலே டேப்பின் நுனியைப் பிடித்தேன். கீழே டீச்சர் குனிந்து அளந்தார். மூன்று திட்டையும் அப்படித்தான் அளந்தோம். அன்று எங்கள் மூன்று பேருக்கும் ஒரே வேலை என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு டீச்சர் அப்பாவிடம் பேசினார். "அண்ணே, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. வியாழக்கிழமை அதிகாரியக் கூட்டிட்டு வரேன். அவரு இந்தத் திட்டப் பாத்தா போதும், எவ்வளவு மணல் போயிருக்குன்னு தெரிஞ்சிடும். குவாரிய நிறுத்தலாம். உங்களுக்கு வேல போயிடும். ஆனா..."

"ஆனா உங்க ஊருக்கு மண்ணு வேணும்." அப்பா ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எத்தினி வூடு போச்சு?"

"எங்க தெருவே இல்லண்ணே."

"போயிட்டு வாங்க" என்றார் அப்பா.

புதன்கிழமை காலையில் அப்பாவே மண்வெட்டியோடு திட்டுகளை வெட்ட இறங்கினார். ஆட்கள் தயங்கி நின்றார்கள்.

"அந்தம்மா நாளைக்கு வரேன்னு சொல்லிட்டுப் போச்சே" என்றாள் அம்மா.

"அளந்துட்டுத்தானே போச்சு? அளந்த திட்ட வெட்டிப்புடறதுதானே வழக்கம்?"

வழக்கம் அதுதான். அம்மா உலைக்கு அரிசி எடுக்கப் போனாள். மத்தியானத்துக்குள் மூன்று திட்டும் லாரியேறிப் போயின. அப்பா கம்பிகளைக் கழுவி என்னிடம் கொடுத்தார். "பத்திரமா வையி. கேட்டாக் குடுத்துடு."

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். ஆறு தரை போட்டதுபோல் மட்டமாக இருந்தது. டீச்சர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். கரையில் நின்றாலே பள்ளம் தெரியும். டீச்சர் டேப்பில் அளந்து எழுதியதைக் காட்டினார்; திட்டு இல்லாமல் அதை மட்டும் வைத்து நடவடிக்கை எடுக்க முடியாது என்றார் அதிகாரி. என் நோட்டை வாங்கிப் புரட்டினார்.

"என்ன பாப்பா, எல்லாம் ஒரே நம்பரா இருக்கு? வூட்டுல உக்காந்துக்கிட்டே எழுதுனியா?"

எனக்குக் காது சுட்டது. "இல்லீங்க சார். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் போயி அளந்துதான் எழுதுனேன். ஒரு வாரங்கூடக் கொறையல சார். அதே நாப்பத்திரெண்டுதான்."

"கொறையலைங்குது" என்று அதிகாரி டீச்சரிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

குவாரி இன்னும் இரண்டு வருஷம் ஓடியது. அடியில் களிமண் தட்டியதும் தானாக நின்றது. நாங்கள் வேறு ஊருக்குப் போனோம்.

கடலைப் போன வருஷம்தான் பார்த்தேன். இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை. பக்கத்தில் அலையைத் தடுக்க லாரி லாரியாகக் கருங்கல் கொண்டுவந்து தண்ணீரில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கேருந்து வருது என்று டிரைவரிடம் கேட்டேன். "பெரம்பலூருங்க" என்றார். மணல் இருந்த இடத்தில் எங்கள் பக்கத்துக் கல் கிடந்தது. கூட வேலை செய்த அக்கா கல்லுக்கு அந்தப்பக்கம் கை காட்டி, அங்கேதான் தெரு இருந்தது என்றாள். டீச்சரின் தெருவா என்று கேட்க எனக்கு அவர் பெயர் தெரியாது.

அதிகாரி வந்துபோன அந்த வியாழக்கிழமை டீச்சரைப் பஸ் ஏற்ற நான்தான் போனேன். மூன்று கம்பிகளையும் தலையில் சுமந்து போய்க் கொடுத்தேன். "டீச்சர், ஒரு வாரங்கூட விடல. கடலுக்கு எப்பக் கூட்டிட்டுப் போவீங்க?" என்றேன்.

"ஆமா, விடவே இல்ல" என்றார். என் தலையில் கை வைத்தார். பஸ் வந்ததும் கம்பிகளை ஏற்றிவிட்டு, பையிலிருந்து நோட்டை எடுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

அதில் பாதிக்குமேல் எழுதாத பக்கங்கள் இருந்தன. நன்றாக வேலை செய்ததற்குப் பரிசு என்று நினைத்து, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.