அம்மா பாடிய பல்லவி

நான் எழுதி மெட்டமைத்த பாட்டின் பல்லவியை அம்மா பாடினாள். மும்பை செம்பூரில் ஒரு ஸ்டுடியோவில் பதிவு செய்து, ஒரு வீடியோ தளத்தில் என் சேனலில் ஏற்றினேன்.

அம்மா இறந்த மறுமாதம், பாட்டு வேறொருவருக்குச் சொந்தம் என்று சொல்லி அந்தத் தளத்தார் நீக்கிவிட்டார்கள். அந்த வேறொருவர் ஸ்டுடியோக்காரர்தான். தாராவியிலிருந்து அவரிடம் ஓடினேன்.

“ஆமா, எம் பேர்லதான் பதிஞ்சிருக்கேன். ஒம் பாட்டுன்னு எழுத்துல ஏதாச்சும் இருக்காடே?”

“எங்கம்மா குரலுண்ணே அது!”

“கொரலப் பாத்தா காப்பிரைட் குடுக்கான்?”

காலில்கூட விழுந்தேன். அவர் இரங்கவில்லை. தளத்தாரிடம் மேல்முறையீடு செய்தபோதும் அத்தாட்சிதான் கேட்டார்கள். அசல் பதிவும் அவரிடமே இருந்தது; ஏற்றிய பிறகு நான் பிரதி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் தங்கச்சி, “அம்மா பாட்டப் போடுண்ணே” என்று அழுதாள். வேறு வழியில்லாமல், அந்தப் பாட்டை அவர் ஏற்றியிருந்த அவருடைய சேனலைத் திறந்தேன். அவர் பெயரின் கீழே அம்மா பாடத் தொடங்கினாள்.