உள்ளறைக்கு ஒரு வெயில்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. வீட்டுக்குப் பிளம்பர் வந்தால் அவர் கையிலிருந்து ஸ்பானரைப் பிடுங்குகிற ஆள் நான். டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும்போது தலைக்குமேல் முனகிக்கொண்டிருக்கும் ஃபேனைக் கேட்டுவிட்டு, கெப்பாசிட்டர் போய்விட்டது என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு வருவேன். தோஹாவில் ஒரு பெரிய கடை வளாகத்தில் பதினோரு வருடமாக விளக்குப் பராமரிப்பு வேலை. அங்கே எந்நேரமும் எங்கேயாவது ஒரு விளக்கு போகும், நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். அந்த வேலை எனக்கு ரொம்பப் பொருத்தம்.

அத்தா இறந்த செய்தி கேட்டுத் திருச்சியில் இறங்கி, கார் பிடித்துக் குடவாசல் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஒரு பகல் ஆகியிருந்தது. முகம் பார்க்கவில்லை. எப்படி இறந்தார், கடைசியில் என்ன சொன்னார் என்று அம்மாவிடம் கேட்கவும் இல்லை. கேட்டால் உட்கார்ந்து கேட்க வேண்டும். சேர்த்து வைத்திருந்த விடுப்பையெல்லாம் எடுத்துக்கொண்டு மூன்று மாதம் இருப்பதாக வந்திருந்தேன். மனைவியும் மகளும் பள்ளிக்கூடத்துக்காக அங்கேயே இருந்துவிட்டார்கள். வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை.

அம்மா இத்தாவில் இருந்தாள். கணவன் இறந்தால் நாலு மாதமும் பத்து நாளும் மனைவி வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. எங்கள் தெருவில் மாடிக்கும் போவதில்லை. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை, நாலு பக்கமும் மொட்டை மாடிகள், யார் கண்ணிலாவது படும் என்பார்கள். உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் லைட் போட்டால்தான் அங்கே ஆள் தெரியும்.

மாடியில்தான் அம்மாவின் செடிகள் இருந்தன. நாலு ரோஜா, ஒரு செம்பருத்தி, ஐந்து தொட்டி சாமந்தி. சாமந்தியை ஒவ்வொரு வருடமும் பக்கக்கன்று பிரித்து அவளே வைப்பாள். ஐப்பசி கடைசியில் மொட்டு விடும். காலையும் மாலையும் அவள் பொழுது மாடியில்தான் போகும், அத்தா கீழேயிருந்து டீ கேட்டுக் கத்துவார். இப்போது அவள் உள்ளறையில், அத்தாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தன் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சோற்றைப் பிசைவாள், நாலு வாய் போகாது, தட்டைத் தள்ளிவிடுவாள். என்னைப் பார்த்தால் ஒரே கேள்விதான்.

"மாடில தண்ணி ஊத்துனியா?"

"ஊத்திட்டேம்மா."

"சாமந்தி மொட்டு வச்சிருச்சா?"

பத்தே நாளில் கழுத்தெலும்பு வெளியே தெரிந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. நான் விமானம் ஏறுவதற்குள் அம்மா சாப்பிட வேண்டும், எழுந்து நடமாட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தடவையும் எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து நிற்பேன். அம்மா மாடிக்குப் போக முடியாது என்றால் மாடி கீழே வரட்டும் என்று முடிவு செய்தேன். அவளைக் கேட்கவில்லை. நான் எதையும் கேட்டுச் செய்கிற ஆள் இல்லை.

"கீழ கொண்டாந்தா வெயிலுக்கு எங்கடா போவ?" என்றாள் அம்மா, முதல் தொட்டியை நான் தூக்கி வந்தபோது.

"வெயில நான் செஞ்சு தரேன்."

கும்பகோணம் போனேன். பழைய இரும்புக் கடையில் ஒரு அலுமினிய ஜன்னல் சட்டம் கிடைத்தது. எல்.ஈ.டி. சூட்டை உடனே வெளியே விடாவிட்டால் கருகிவிடும், அதற்கு அலுமினியம் நல்லது. சிவப்பிலும் நீலத்திலும் சின்னச் சின்ன மூன்று வாட் சில்லுகளை ஆன்லைனில் வரவழைத்தேன். செடிக்கு இந்த இரண்டு நிறமும் இருந்தால் போதும் என்று எங்கேயோ படித்திருந்தேன். ஹாலில் தரை முழுக்க ஒயரும் ஈயமும். துக்கம் கேட்க வந்தவர்கள் சால்டரிங் புகையில் இருமிக்கொண்டே உள்ளே போனார்கள். பெரியம்மா, அதாவது துணைக்கு வந்து தங்கியிருந்த அம்மாவின் அக்கா, "இவன் எழவு வீட்டுக்கு வந்தானா, ரிப்பேர் கடை போட வந்தானா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டார். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

தொட்டில் கட்டுகிற கொக்கி உள்ளறை உத்தரத்தில் இருந்தது. அதில் சங்கிலி போட்டு விளக்கைத் தொங்கவிட்டு, கீழே பெஞ்சு போட்டுத் தொட்டிகளை அடுக்கி, சுவிட்சைத் தட்டினேன். அறை முழுக்கக் கத்தரிப்பூ நிறம். அம்மாவின் வெள்ளைச் சேலை, கட்டில், குர்ஆன் வைக்கிற பலகை எல்லாம் அதே நிறம். அந்த நேரம் பார்த்து மூன்று பெண்கள் துக்கம் கேட்க வந்தார்கள். வாசற்படியிலேயே நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன தம்பி, ஆர்க்கெஸ்ட்ரா எதுவும் வருதா?" என்றார் ஒருவர்.

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துவிட்டேன். சிரித்திருக்கிறாள். அவமானமாக இருந்தது, ஆனால் அத்தா போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அது மட்டும் போதாதென்று விளக்கை மிகவும் தாழ்வாகக் கட்டியிருந்தேன். நாலே நாளில் ரோஜாவின் கொழுந்து வெளுத்துப்போய் ஓரம் கருகியது.

எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை சாதாரண வெள்ளை எல்.ஈ.டி. பல்புகள் பன்னிரண்டு வாங்கி, மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டேன். மூடி போனால் வெளிச்சம் இன்னும் கூடும். கை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதே சட்டத்தில் இரண்டு வரிசையாக ஹோல்டர்களை முடுக்கினேன். நடுவில் இரண்டு சிவப்புச் சில்லை மட்டும் விட்டுவைத்தேன். சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக ஏற்றி, இலைக்குமேல் முழங்கை நீளம் இடைவெளி வரும்படி நிறுத்தினேன். அறை பகல் மாதிரி ஆனது.

அம்மா எழுந்து வந்தாள். ஒரு சாமந்தி இலையைத் திருப்பி அடியில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தாள். அன்று மத்தியானம் மீன் குழம்பு ஊற்றி இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள். பெரியம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் அடுப்படிக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. ஐப்பசி மழையில் கரண்ட் போய்ப் போய் வந்தது, ஒரு பழைய இன்வெர்ட்டரைத் தேடிப் பிடித்து இணைத்தேன். தெருவே இருண்டு கிடக்கும்போதும் எங்கள் உள்ளறை எரிந்தது. "எப்பவும் எரியட்டும்மா, அணைக்காத, வெளிச்சம் எவ்வளவு குடுக்குறமோ அவ்வளவு நல்லது" என்று அம்மாவிடம் சொல்லி வைத்தேன். நான் வேலை பார்க்கிற இடத்தில் விளக்கு அணைவது என்றால் குற்றம்.

நாற்பதாம் நாள் ஓதி முடித்து, பெரியம்மா தன் வீட்டுக்குப் போய்விட்டார். நான் கிளம்பும் நாளில் திரும்பி வருவதாக ஏற்பாடு. ஐப்பசி முடிந்தது, கார்த்திகையும் பாதி போய்விட்டது. சாமந்தி தொட்டி கொள்ளாமல் தழைத்தது, இலை கரும்பச்சை, தண்டு விரல் தடிமன். மொட்டு மட்டும் இல்லை. அம்மா தினமும் ஒவ்வொரு நுனியாகப் பிரித்துப் பார்ப்பாள். பிறகு பேசாமல் போய்க் கட்டிலில் உட்காருவாள். தட்டில் மறுபடி சோறு மிஞ்ச ஆரம்பித்தது. உரம் மாற்றினேன், பல்பு மாற்றினேன், சங்கிலியை ஏற்றினேன், இறக்கினேன். விடுப்பு முடிய மூன்று வாரம்தான் பாக்கி.

எங்கள் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிற அக்கா ஒரு நாள் காலையில் வந்தார். நடவு, களை, தண்ணீர் எல்லாம் பற்றி அம்மாவிடம் நேரில் சொல்லிவிட்டுப் போவது அவர் வழக்கம். உள்ளறைக்குள் வந்ததும் விளக்கை அண்ணாந்து பார்த்தார்.

"இது எவ்ளோ நேரம் எரியும் தம்பி?"

"ராவும் பகலும்" என்றேன், பெருமையாக.

"ராவும் எரிஞ்சா எப்புடிப் பூக்கும்? நம்ம வயல்ல ரோட்டோரம் பெரிய லைட்டுக் கம்பம் நட்டாங்கள்ல? போன வருசம் அந்த வெளிச்சம் விழுந்த பத்துக் குழி நெலத்துல மட்டும் சம்பா கதிரே வாங்கல. மத்ததெல்லாம் அறுப்புக்கு வந்துருச்சு, அது பச்சையா நிக்கிது. ஆடு மேயத்தான் விட்டேன். அதுக்கும் ராத்திரின்னு ஒண்ணு தெரியணும்ல? இந்தச் சாமந்தியும் பனிக்காலத்துல பூக்குறதுதான?" அம்மா பக்கம் திரும்பினார். "பாயம்மா, ஒங்களுக்குமா தெரியல?"

எனக்கு முகம் சுட்டது. எங்கள் வயலிலேயே நடந்தது. பதினோரு வருடம் விளக்கோடு குடும்பம் நடத்தியவனுக்கு அது தெரியவில்லை.

அன்றைக்கே டைமர் வாங்கி வந்து மாட்டினேன். காலை ஆறு மணிக்கு எரியும், மாலை ஐந்தரைக்கு அணையும். மறுநாள் சுபுஹுத் தொழுகைக்கு எழுந்தபோது, ஹாலில் படுத்திருந்த எனக்கு உள்ளறைக் கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. மணி ஐந்துகூட ஆகவில்லை. டைமர் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே போய் வேறு வாங்கி வந்தேன். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் டைமரைப் பிரித்து மேசையில் பரப்பினேன். அதில் ஒரு கோளாறும் இல்லை. திரும்பப் பூட்டி மாட்டிவிட்டு, அடுத்த நாள் விடியுமுன் விளக்கு எரியும்போதே உள்ளே போய்ப் பார்த்தால், அதன் பிளக் டைமரில் இல்லை, பக்கத்து சாக்கெட்டில் நேராகச் செருகியிருந்தது. விடிந்ததும் திரும்ப டைமரில் மாட்டிவைத்திருக்கிறார்கள். வீட்டில் என்னைத் தவிர இருப்பது ஒரு ஆள்தான்.

"ஏம்மா, நீதான மாத்திச் சொருவுன?" கத்திவிட்டேன். இத்தாவில் இருக்கிற தாயிடம் யாரும் போடக்கூடாத சத்தம். "மூணு நாளா நான் பைத்தியக்காரனாட்டம் கழட்டி மாட்டுறேன். பூ வேணும்னு நீதான கேட்ட?"

அம்மா ரோஜாத் தொட்டியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இருட்டுல இருக்க முடியலடா."

"என்னது?"

"ஒம் பெரியம்மா இருந்தவரைக்கும் ஒண்ணும் தெரியல. அவ போனதுலேர்ந்து லைட்ட அணைச்சா அந்தக் கட்டில்ல ஒங்கத்தா உக்காந்து என்னைப் பாத்துக்கிட்டு இருக்குற மாரி இருக்கு. நீ ஹால்ல படுத்துக்குற. வந்த நாள்லேர்ந்து எங்கிட்ட அஞ்சு நிமிசம் உக்காந்தியாடா? ஏணில ஏறி நிக்கிற, இல்லன்னா கும்மோணத்துல நிக்கிற."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. "சரி, எரியட்டும். பூவ விடு" என்றேன்.

"பூவும் வேணும்" என்றாள். "நீ உள்ள வந்து படு."

அன்று மாலை ஐந்தரைக்கு டைமர் டக்கென்று விளக்கை அணைத்தது. ஹாலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இரவு இஷா தொழுதுவிட்டு, தலையணையை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். ஊருக்கு வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியும் அத்தாவின் கட்டிலில் நான் கை வைத்ததில்லை. படுத்தேன். கதவைச் சாத்தியதும் என் கையே எனக்குத் தெரியவில்லை. கால் தானாக ஆடியது. எழுந்து போய் எதையாவது முடுக்க வேண்டும் போலிருந்தது. அந்தப் பக்கக் கட்டிலில் அம்மாவின் மூச்சு கேட்டது. தூங்குகிற மூச்சில்லை.

"அம்மா, அத்தா அன்னக்கி என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்டேன். வந்த அன்று கேட்டிருக்க வேண்டியது.

அம்மா என் பக்கம் புரண்டு படுத்தாள், கட்டில் முனகியது.

"சாயந்தரம் அசரு தொழுகைக்கு அப்பறம் நெஞ்சக் கரிக்குதுன்னாங்க" என்றாள். "சோடா வாங்கிக் குடுத்தேன். படுத்தாங்க. அவனுக்கு ஒரு ஃபோனப் போடு, பேசணும் போல இருக்குன்னாங்க. நான்தான்… டூட்டில இருப்பான், தொந்தரவு பண்ணாதீங்க, ராத்திரி பேசிக்கலாம்னு சொன்னேன். ஃபோனு என் கையிலதான் இருந்துச்சு. பொழுது சாஞ்சு மக்ரிபுக்கு எழுப்பப் போறேன், ஆள் இல்ல. போட்டுக் குடுத்துருக்கலாம்ல? அதத்தான் கேக்குறாங்க, தெனம் அங்க உக்காந்துக்கிட்டு."

அத்தா இறந்த அன்று வெள்ளிக்கிழமை. எனக்கு விடுமுறை; ஷிஃப்டில் மாறி மாறி வருவதால் அது அம்மாவுக்குத் தெரியாது. தோஹா வீட்டு சோபாவில் மல்லாந்து படுத்து, ஃபோனை நெஞ்சில் வைத்துக்கொண்டு, உருப்படாத வீடியோ எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் மணியிலேயே எடுத்திருப்பேன்.

"டூட்டிலதாம்மா இருந்தேன்" என்றேன். "ஃபோன லாக்கர்ல வச்சுட்டுத்தான் உள்ள போவணும். நீ போட்டுருந்தாலும் எடுத்துருக்க மாட்டேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தாம்மா."

அம்மா மூக்கை உறிஞ்சினாள். போர்வையை இழுக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. அவள் எழுந்துவிடக் கூடாதென்று நான் விடியும்வரை அசையாமல் படுத்திருந்தேன்.