கன்னத்தில் அடக்கிய சோறு

என் மகள் யாழினிக்கு இரண்டு வயதாகியும் பால் மட்டும்தான் இறங்கும். சோற்றைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்வாள். உடம்பு தேறவேயில்லை. "எல்லாம் பிடிவாதம்மா. மூக்கப் புடிச்சிகினு ஊட்டு," என்பார் என் மாமியார். நானும் அப்படித்தான் ஊட்டினேன்.

ஒரு கிருத்திகையன்று திருத்தணி மலைக்கோயில் அன்னதானத்தில் அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். எதிர் வரிசையில் சாப்பிட்ட ஒரு பெண் எச்சில் கையோடு எழுந்து வந்தார்.

"கொஞ்சம் நிறுத்துங்கம்மா. குழந்த சோத்த கன்னத்துலயே அடக்கி வச்சிகினு இருக்கு, பாருங்க. கண்ணெல்லாம் தண்ணி. இது அடம் இல்லீங்க, பயம். என் பையனும் இப்படித்தான் இருந்தான். டாக்டர் எதிர்லயே ஊட்டிக் காட்டுங்க."

அவர் சொன்னபடியே அரக்கோணத்தில் ஒரு குழந்தை மருத்துவர் முன்னால் ஊட்டினேன். இரண்டாவது வாயிலேயே யாழினிக்குப் புரையேறியது. மருத்துவர் பரிசோதனைக்கு அனுப்பினார். விழுங்குவதில் கோளாறு, சோறு மூச்சுக்குழாய்ப் பக்கம் நழுவுகிறது என்று தெரிந்தது.

பல மாத விழுங்கும் பயிற்சிக்குப் பிறகு ஒரு காலையில், குழைத்து வைத்த இட்லியை யாழினி தானே எடுத்து விழுங்கினாள். உடனே இன்னொரு வாய்க்குக் கை நீட்டினாள். அந்தக் கையைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் என் குழந்தை பசியோடுதான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள்.