அறுபதாம் கல்யாணத்துக்கு அரக்குச் சேலை

என் அக்கா கணவருக்கு அறுபது நிறைந்தபோது திருக்கடையூரில் நடந்த கல்யாணத்தின் வீடியோ கேசட் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்கிற பெட்டி செத்துப் பல வருஷமாகிறது. இருந்தும் நான் மனசுக்குள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், பெரும்பாலும் சாப்பிடும்போது.

அதில் நான் நிறைய வருகிறேன். தலையில் முடியோடு வருகிறேன். யானைக்குப் பழம் கொடுக்கப் போய்ப் பயந்து பின்வாங்கி, கேமராவைப் பார்த்ததும் சிரிக்கிறேன். அன்றைக்குப் பிராகாரம் முழுக்க அறுபது வயது மாப்பிள்ளைகள். எந்தப் புகை எந்த ஹோமத்துடையது என்று ஐயர்களுக்கே குழப்பம். "அத்தான், நெருங்கி உட்காருங்க, உங்க ஆயுசு பக்கத்து மாப்பிள்ளைக்குப் போயிடப் போகுது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அதுவும் கேசட்டில் இருக்கிறது.

அத்தானுக்குக் குத்தாலத்தில் நெல் வியாபாரம். பெரிய பையன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை, சின்னவன் துபாயில். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் லீவு கிடைப்பதே அம்மனின் அருள் என்று டிக்கெட், மண்டபம், ரூம் எல்லாம் மாதக்கணக்கில் முன்கூட்டியே பேசியாகிவிட்டது. போதாததற்கு, அப்பாவுக்குத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி ஒன்றில் முழு உடல் பரிசோதனையும் அவர்கள் பரிசு. அப்போது அது புதுசு. கார் வாங்கினால் சர்வீஸ் விடுவது போல அப்பாவையும் விட்டார்கள்.

துணைக்கு நானும் போனேன். அத்தானை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை படம் பிடித்தார்கள். கொஞ்சம் சர்க்கரை, மற்றபடி குதிரை. அக்கா வெளியே பெஞ்சில் இட்லிப் பொட்டலத்தையும் ஃபிளாஸ்க்கையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் எட்டிப் பார்த்து, "பேஷண்ட் கூட வந்தது யாருங்க?" என்றாள். அக்கா சட்டென்று எழுந்து நின்றாள். எழுந்த கையோடு திரும்பி, பெஞ்சை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். கைக்குட்டையைத் தேடுகிறாள் என்று நினைத்தேன்.

கல்யாணத்துக்கு மருமகள்கள் மாம்பழ நிறத்தில் பட்டு எடுத்து வந்தார்கள். அக்கா முடியாது என்றுவிட்டாள். அரக்குதான் வேண்டுமாம்.

"நல்ல நாளும் அதுவுமா இருட்டுக் கலர் எதுக்கு?" என்றார் அத்தான்.

"கிழவிக்கு மாம்பழக் கலர் எதுக்கு?" என்றாள் அக்கா.

"விடுங்க அத்தான். ஒரே மாப்பிள்ளைக்கு ரெண்டாந்தரம் கழுத்த நீட்டறா, கலராவது அவ இஷ்டத்துக்கு இருக்கட்டும்." இது நான். நான் இல்லாத இடத்தில் யாராவது ஜோக் அடித்துவிடுவார்களோ என்று எனக்கு எப்போதும் கவலை.

கேசட்டில் இருவரையும் மணையில் உட்காரவைத்துக் கலசத் தண்ணீர் ஊற்றுகிறோம். ஆளாளுக்குச் சொம்பு, கூச்சல், சிரிப்பு. அத்தான் குழந்தை போலக் கண்ணை மூடிக்கொள்கிறார். நனைந்த அக்கா இரண்டு கையாலும் சேலையைப் பின்னால் பிடித்துக்கொண்டு எழுந்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து கதவுக்குள் போகிறாள். சாமிக்கு முதுகு காட்டக் கூடாதென்று அப்படிப் போகிறாள் என்று அப்போது மெச்சிக்கொண்டேன்.

பையன்கள் ஊருக்குத் திரும்பிய மாதம் அக்கா அடுப்படியில் விழுந்தாள். அதே தஞ்சாவூர். இந்த முறை அவள் உள்ளே, நாங்கள் பெஞ்சில். கர்ப்பப்பையில் புற்று, முற்றிவிட்டது. "இத்தனை மாசமா ரத்தம் போயிருக்கு, வீட்டுல யாருக்குமே தெரியாதா?" என்றார் டாக்டரம்மா. அத்தான் என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன்.

சம்பா அறுப்புக்கு அவள் இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் என் மனைவி வாயைத் திறந்தாள். "அண்ணி என்னைத்தான் மாத்திரை வாங்கிட்டு வரச் சொன்னாங்க. விசேஷத்துக்குத் தள்ளிப்போடற மாத்திரை. நின்னு போனது மறுபடி வந்திருக்கு, தீட்டுன்னு தெரிஞ்சா கல்யாணமே நின்னுடும், பிள்ளைங்க அவ்வளவு தூரம் வந்திருக்குன்னாங்க. சத்தியம் வேற வாங்கிட்டாங்க."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா? நீங்க அத்தான்கிட்ட சொல்லுவீங்க. அத்தான் ஐயர்கிட்ட கேப்பார். ஐயர் வேற தேதி குறிப்பார். டாக்டர்கிட்ட யாருங்க போயிருப்பா?"

பத்திரிகைகளில் சிரிக்கச் சிரிக்க எழுதுகிறவன் நான். அதற்குப் பிறகு அறுபதாம் கல்யாண ஜோக் மட்டும் எழுதவில்லை.

ஹோமம் பலிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அத்தான் எண்பதைத் தாண்டித் திடமாக இருக்கிறார். ஆயுசை யார் பெயருக்குக் கேட்டோமோ அவருக்குத்தான் வந்தது.

இப்போது என் முறை. அடுத்த தையில் எனக்கு அறுபது. மகள் கனடாவிலிருந்து வருகிறாள், டிக்கெட் போட்டாயிற்று. போன வாரம் கும்பகோணத்தில் சேலை எடுக்கப் போனோம். கடைப் பையன் மஞ்சளும் பச்சையுமாக மலை போலக் குவித்தான். என் மனைவி எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, அடியிலிருந்து ஒன்றை உருவினாள். அரக்கு.

"வேற கலர் பாரேன்."

"ஏன், இதுக்கு என்ன?"

நான் அந்தச் சேலையையே பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேலையை மடிப்புக் கலையாமல் மடித்துக் கடைப் பையனிடம் நீட்டினாள்.

"சேலை அப்புறம் எடுத்துக்கலாங்க" என்றாள் மெதுவாக. "அண்ணியைப் பாத்த அந்த டாக்டரம்மா இப்பவும் இருக்காங்களா, நாளைக்குப் பாப்பாங்களான்னு போன் பண்ணிக் கேளுங்க."