தம்பியின் கைவிலங்கு

போலீஸ் வேலைக்குப் போகிறேன் என்று அப்பலோனியா சொன்னபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. சிம்பு என்ற மலை மாகாணத்தில் அவள் குலத்துப் பெண் யாரும் அதுவரை போலீஸ் சட்டை போட்டதில்லை. பெண்ணுக்கு விலையாக மாப்பிள்ளை வீட்டார் தரும் பன்றிகள் கைநழுவிப் போகின்றனவே என்று அப்பா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

லாய் நகரத்தில் முதல் மூன்று வருஷம் அவளுக்குக் கிடைத்தது தட்டச்சும் தேநீரும்தான். எதிர்த்துப் பேசாமல், தட்டச்சு செய்த ஒவ்வொரு வாக்குமூலத்தையும் பாடமாகப் படித்தாள். புலனாய்வுப் பிரிவுக்கு மாறியபின், அவள் எழுதிக் கொண்டுபோன வழக்கு எதுவும் நீதிமன்றத்தில் சுலபமாகத் தோற்கவில்லை. இருபத்தாறு வருஷம் கழித்து, சொந்த மாகாணத்துக்கே போலீஸ் தலைவியாகத் திரும்பினாள்.

வந்ததும் போட்ட முதல் உத்தரவு, சனிக்கிழமை காலையில் எல்லோரும் வண்டியை விட்டு இறங்கிச் சந்தையில் நடக்க வேண்டும் என்பது. கடற்கரைக்காரரான சார்ஜென்ட் மொரேயா, இந்த மேட்டில் ஏறி இறங்கியே தன் தொப்பை கரைந்துவிடும் என்று புலம்பினார். ஆனாலும் நடந்தார். அவளும் நடந்தாள். வேர்க்கடலை விற்ற யுவானாவிடம் ஒரு கட்டு வாங்கிக் கொறித்துக்கொண்டே ஊர் நிலவரம் கேட்பாள்.

அவள் வந்த எட்டாம் மாதம், பிரேக் பிடிக்காத காப்பி லாரி ஒன்று யுவானாவை அடித்துக் கொன்றது. குடித்துவிட்டு ஓட்டியவன் கெண்டே. அப்பலோனியாவின் சித்தப்பா தெகெனாயின் மகன். அவன் ஓடிப்போய் அப்பன் வீட்டில் ஒளிந்துகொண்டான். யுவானாவின் கோம்னா குலத்தார் வில்லும் துப்பாக்கியுமாக ஆற்றுப் பாலத்தின் அக்கரையில் திரண்டார்கள். பாலத்தில் நாலு போலீஸை நிறுத்தினால் போதும், மற்றதைத் தாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சித்தப்பா ஆள் அனுப்பினார்.

அப்பலோனியா தானே கிளம்பினாள். வண்டியை நிலையத்திலேயே விட்டு, துப்பாக்கிகளை அதிலேயே பூட்டச் சொன்னாள். மொரேயா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன்னுடையதையும் உள்ளே வைத்தார்.

வாசலை மறித்து நின்றார் தெகெனாய். "சட்டையப் போட்டதும் ரத்தம் மறந்துபோச்சா?"

"மறக்கல சித்தப்பா. அதான் நானே வந்தேன். வேற யாரோ வந்து இவன இழுத்துட்டுப் போறத நீங்க பாக்க வேணாம்."

அவர் அசையவில்லை. கெண்டேதான் உள்ளேயிருந்து வெளியே வந்து கையை நீட்டினான். விலங்கின் ஒரு வளையத்தை அவன் கையிலும் மறுவளையத்தைத் தன் கையிலும் மாட்டினாள். காவல் நிலையம் இருந்தது அக்கரையில். அவனோடு பாலத்தின் மேல் மெதுவாக நடந்தாள்.

கூட்டத்துக்கு முன்னால் நின்றவன் யுவானாவின் அண்ணன் வேமின்.

"இவன் என் தம்பி. கோர்ட்டுக்குக் கொண்டுபோறேன்," என்றாள். "உன் தங்கச்சி கையால எத்தன சனிக்கிழம நான் கடல வாங்கித் தின்னிருக்கேன்னு உனக்கே தெரியும்."

வேமின் விலங்கையே பார்த்தான். "கேஸ் எழுதுறது யாரு? நீயா?"

"நான் எழுதக் கூடாது, சொந்தக்காரி. சார்ஜென்ட் எழுதுவாரு. தப்பா எழுதினா மொதல்ல என்னைக் கேளு."

அவன் ஒதுங்கி வழிவிட்டான். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக விலகினார்கள்.

கெண்டேக்கு ஆறு வருஷம் சிறை. இரண்டு வருஷம் சொந்தக் குலத்து விருந்து எதற்கும் அவளை யாரும் கூப்பிடவில்லை. அது அவளை வாட்டியது, ஆனாலும் சனிக்கிழமை நடையை விடவில்லை. மற்ற குலத்தவர் தப்பு செய்த தங்கள் பிள்ளைகளைத் தாங்களே நிலையத்துக்குக் கூட்டிவரத் தொடங்கியது அந்த நாட்களில்தான். "உன் தம்பிக்கு ஒரு நியாயம், என் பையனுக்கு ஒரு நியாயமா?" என்று அவளிடம் யாராலும் கேட்க முடியவில்லை.

மூன்றாம் வருஷம் இரு குலமும் பன்றி கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டன. அந்த விருந்துக்கு அவளுக்கும் அழைப்பு வந்தது. தலைநகரில் துணை ஆணையர் பதவிக்கு அவள் பெயர் வந்திருந்த செய்தியும் அதற்குள் ஊருக்குத் தெரிந்திருந்தது. தெகெனாய் அவள் கையைப் பிடித்து அழைத்துப்போய், வெளியூர் விருந்தாளிகள் ஒவ்வொருவர் முன்னாலும் நிறுத்தினார்.

"என் அண்ணன் மக," என்றார் நெஞ்சை நிமிர்த்தி. "எங்க வீட்டு வாசலுக்கே வந்து எம் புள்ளையவே புடிச்சிட்டுப் போனவ."