அண்ணி திட்டாமல் விட்ட மூலை

எங்கள் அண்ணி மேல் எனக்கு ஒன்பது வருஷத்துக் குறை ஒன்று உண்டு. திட்ட வேண்டிய அன்றைக்கு அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லி ஆறிப்போயிருப்பேன்.

எனக்கு வேலை வயல்களில் உரம் வீசுவது. வாளியை இடுப்பில் அணைத்து நடந்தால் யூரியா ஒரே சீராக விழும். அதனால் எனக்குக் ‘கைவீச்சு’ என்றே பெயர். அண்ணன் லாரி ஓட்டப் போய்விடுவார். குத்தகை நெல்வயல் முழுக்க அண்ணி பொறுப்பு. ஒரு பயிருக்கு மூன்று தடவை என் வாளி அங்கே போகும்.

ஒரு நாள் விவசாய ஆபீஸ் கூட்டத்துக்குப் போன அண்ணி, ஒரு பிளாஸ்டிக் அட்டையோடு வந்தார். வெளிறிய பச்சையிலிருந்து கரும்பச்சை வரை அதில் நாலு பட்டை. நெல் இலையை அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாம் பட்டையைவிட வெளிறியிருந்தால்தான் யூரியா.

"பயிர் கேட்டா போடுவோம் தம்பி. கேக்காம போட்டா அது தின்னாது. மிச்சம் கரைஞ்சு கிணத்துக்குப் போகுது. கொஞ்சம் வாயுவா மேல போய் வெயிலை ஏத்திவிடுதாம்."

"நான் வீசுற ரெண்டு வாளியிலயா உலகம் சூடாகுது?"

"உன் கை மட்டுமா? ஊர் பூரா கைதான்."

அந்தப் பருவம் பாதி போயும் என் வாளி அங்கே ஒரே தடவைதான் போயிருந்தது. விஷயம் நிலத்துக்காரர் காதுக்கு எட்டியது. நேரே வரப்புக்கே வந்துவிட்டார்.

"சோதனையெல்லாம் உங்க வீட்டுப் பூந்தொட்டியில வச்சுக்கங்க. விளைச்சல் குறைஞ்சா நிலத்தை வேற ஆளுக்கு விட்டுடுவேன்."

"சரிங்க" என்றார் அண்ணி. அன்று மாலை அடுப்பில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிட்டு, அரிசி போட மறந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

கதிர் வரும் நேரத்தில் அவருக்குக் காய்ச்சல். ஆணியில் தொங்கிய அட்டையை அவரைக் கேட்காமலே எடுத்துப்போனேன். உச்சி வெயில். பத்து இலையில் எட்டு வெளிறித் தெரிந்தது. நிலம் போச்சு என்றே நினைத்தேன். ஓடிப்போய் வாளியைத் தூக்கிவந்து வடக்கு மூலையில் ஆரம்பித்தேன். பதற்றத்தில் கை தாராளமாகவே போனது. நல்ல காலம், அந்த மூலையோடு யூரியா தீர்ந்தது.

மறுநாள் அண்ணி தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார். வரப்பில் சிந்திக்கிடந்த வெள்ளை மணிகளைப் பார்த்தார்.

"எப்போ பாத்தே?"

"மத்தியானம்."

"வெயில் படுற மாதிரியா அட்டையைப் பிடிச்சே?"

"பின்னே, இருட்டுலயா பாப்பாங்க?"

அண்ணி சூரியனுக்கு முதுகைக் காட்டி, தன் நிழல் விழும்படி இலையை அட்டையோடு பிடித்தார். மூன்றாம் பட்டைக்கு அச்சாகப் பொருந்தியது. பளீர் வெயிலில் எந்த இலையும் வெளிறித்தான் தெரியுமாம். "ம்" என்றார். அவ்வளவுதான்.

அறுப்புக்குப் பத்து நாள் முன்பு காற்றும் மழையும் அடித்தது. கொழுத்துப்போயிருந்த வடக்கு மூலை பாய் விரித்தாற்போல் படுத்துவிட்டது. மற்றதெல்லாம் நின்றது.

"இந்த மூலைக்கு என்ன கேடு?" என்று கேட்டார் நிலத்துக்காரர். நான் வாயைத் திறந்தேன். அண்ணி முந்திக்கொண்டார்.

"அங்க மட்டும் யூரியா கூடிப்போச்சுங்க. எங்க தப்பு."

எங்க தப்பாம்! என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அறுத்துத் தூற்றிப் பார்த்தால், அந்த மூலை போயும் விளைச்சல் போன தடவைக்குக் குறையவில்லை. நிலத்துக்காரர் ஒரு பிடி நெல்லை அள்ளி ஊதிப் பார்த்தார். "சரி, நிலத்தை நீங்களே பாருங்க. அந்த அட்டை எங்க கிடைக்கும்?" என்றார். அவர் தலை மறைந்ததும் அண்ணி களத்திலேயே தொப்பென்று உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வர, சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

பிறகு நானும் அட்டை பார்க்கப் பழகினேன். இப்போது பல வயல்களுக்கு நான்தான் பார்த்துச் சொல்கிறேன். ‘கைவீச்சு’ போய் ‘கைகட்டி’ என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும்.

போன மாதம் அண்ணி முழங்கால் வலி தாங்காமல் மகள் வீட்டோடு இருக்கக் கிளம்பினார். குத்தகையை என் பேருக்கு மாற்றச் சொல்லி நிலத்துக்காரரிடம் அவரே பேசி முடித்திருந்தார். பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இலை பாத்துட்டு போடலாமா வேணாமான்னு எனக்கு போன் பண்ணாதே. நீயே முடிவு பண்ணு."